தைலம் போட்டு அழுத தெரு

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்கக்கா. எனக்கு உட்கார இடம் கிடைச்சா போதும். பையை மேலே வைக்க இடமில்லை, மடியிலேயே இருக்கட்டும். இந்தத் தூக்குவாளியும் அப்படியே. உள்ளே சாப்பாடுதான். புளிசாதம், தேங்காய்த் துவையல். வாசனை வருதா? எனக்கும் வருது. நேத்து சாயந்திரம் சாப்பிட்டவ நான். காலையில இருந்து பை, பஸ்சு, அழுகை, ஆசீர்வாதம்னு ஒரு வாய்கூட உள்ளே போகலை.

அப்ப சாப்பிட வேண்டியதுதானேன்னு பார்க்கிறீங்க. சாப்பிட முடியாது. பஸ்சுல ஏறும்போது ஒரு சங்கல்பம் வச்சுட்டேன். மனசுக்குள்ள ஒண்ணு நினைச்சிருக்கேன், அது நடந்தா தூக்கைத் திறப்பேன். நடக்கலைன்னா இன்னைக்குப் பட்டினி. அதுவும் பொழுது சாயறதுக்குள்ள நடக்கணும். பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடறதில்லை, இருட்டுல பூச்சி விழுந்தா தெரியாது. நாங்க ஜைனங்க. சேட்டா நீங்கன்னு கேக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. இந்த மண்ணுக்காரங்கதான், நெல்லு விதைக்கிறவங்க. வந்தவாசிக்குப் பக்கத்துல நாவல்பூண்டி.

என்ன சங்கல்பம்னு மட்டும் கேக்காதீங்க. வெளியே சொன்னா போச்சு. நாமளே நடக்க வைக்கவும் கூடாது. அதுவா நடக்கணும். உங்க கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு நானும் கேக்கலை பாருங்க. பொதுவா கேட்டுடுவேன். எங்கம்மா சொல்வாங்க, இவ வாய்க்கும் மனசுக்கும் நடுவுல கதவே வைக்காம கட்டிட்டாங்கன்னு. ஆனா கேக்கலை. தாம்பரம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தா எனக்குத்தான் பசி தெரியும். அதனால ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கேக்கலைன்னாலும் பரவாயில்லை, அப்படியே வெளியே பார்த்துக்கிட்டு இருங்க.

படிக்கிறேனான்னுதானே? படிக்கலை. பிளஸ் ஒன்னோட நின்னுட்டேன். கணக்கு வரலை, பொறுமை வரலை. ரெண்டும் வராதவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? இதை நேரா அப்பாகிட்டயே சொன்னேன். அவர் எல்லாம் வினைன்னு ஒரு பெருமூச்சு விட்டார். எங்க வீட்டுல பால் திரிஞ்சாலும் வினை, கரண்ட் போனாலும் வினை. அப்புறம் அவர் வேலை பார்க்கிற ரைஸ் மில்லுலயே என்னை உட்கார வச்சுட்டார்.

அங்கதான்க்கா எனக்குக் கர்மம்னா என்னன்னு புரிஞ்சுது. விதின்னு நினைக்காதீங்க. எங்க சமயத்துல கர்மம்ங்கறது தூசி. நிஜமான தூசி, கண்ணுக்குத் தெரியாதது, உலகம் பூரா பறந்துக்கிட்டே இருக்கு. நாம கோபப்பட்டா, கர்வப்பட்டா, ஏமாத்தினா, பேராசைப்பட்டா உயிர் பிசுபிசுன்னு ஆயிடும். தூசி வந்து அப்பிக்கும். அந்தப் பாரத்துலதான் உயிர் மேலே போக முடியாம திரும்பத் திரும்பப் பிறக்குது. சின்ன வயசுல கோயில்ல இதை மனப்பாடமா ஒப்பிச்சிருக்கேன், ஒண்ணும் ஏறலை. மில்லுல ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டுப் போனேன். சாயந்திரம் பார்த்தா தலை பூரா தவிடு. எண்ணெய் வைக்காத நாள்ல தட்டினா போயிடும், வச்ச நாள்ல சீயக்காய் போட்டாலும் போகாது. அட, இதுதானான்னு தோணுச்சு.

அப்புறம் நெல்லு. நெல்லை விதைச்சா முளைக்கும். உமியை எடுத்துட்டு அரிசியை விதைங்க பார்ப்போம், முளைக்காது. உமி போன உயிரும் அப்படித்தான், திரும்பப் பிறக்காது. நேரா உலகத்தோட உச்சிக்குப் போய் அங்கேயே இருக்கும். வீடுபேறுன்னு சொல்வாங்க. சந்தோஷமா, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, ஒரு வேலையும் இல்லாம. எனக்கு அந்த வேலை இல்லாத பாகம் ரொம்பப் பிடிச்சுது.

சரி, கதைக்கு வரேன். இந்த வருஷம் மழைக்காலத்துக்கு எங்க ஊருக்கு ஒரு முனிமகராஜ் வந்தார். கர்நாடகா பக்கம். திகம்பரர், அதாவது உடம்புல துணியே கிடையாது. கையில மயில்பீலி ஒண்ணு, கமண்டலம் ஒண்ணு, அவ்வளவுதான் சொத்து. முதல் நாள் நான் எங்கே பார்க்கிறதுன்னு தெரியாம கோயில் கோபுரத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கலாம்க்கா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். இல்லையா? சரி. ரெண்டு நாள்ல பழகிடும். அவருக்கே அது நினைவு இல்லைங்கறப்ப நமக்கு எதுக்கு?

மழைக்காலத்துல தரையெல்லாம் புழு பூச்சி, மிதிபடும்னு அவங்க ஊர் ஊராப் போக மாட்டாங்க. ஆடியில வந்தா தீபாவளி வரைக்கும் ஒரே ஊர். ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பாடு. தட்டு கிடையாது, நின்னுக்கிட்டே ரெண்டு கையையும் சேர்த்து வச்சு, அதுல போடறதைச் சாப்பிடணும். ஆனா அவரா எந்த வீட்டுக்கும் போய்க் கேக்க மாட்டார். காலையில கோயில்லேர்ந்து வலது கையைத் தோள்மேல வச்சுக்கிட்டு வாய் பேசாம தெருவுல நடந்து வருவார். பசிக்காக வரேன்னு அதுக்கு அர்த்தம். எல்லா வீட்டு வாசல்லயும் குளிச்சு, மடியாத் துணி கட்டி, கலசமும் தேங்காயுமா நின்னு கூப்பிடுவோம். நமோஸ்து, நமோஸ்து, அத்ர அத்ர, திஷ்ட திஷ்ட. வணக்கம் சுவாமி, இங்கே இங்கே, நில்லுங்க நில்லுங்கன்னு அர்த்தம். பிடிச்ச வீட்டுல நின்னா அந்த வீட்டுக்கு அன்னைக்குத் திருவிழா.

பிடிச்ச வீடுன்னு சொன்னேன், அது தப்பு. அவர் கிளம்பறதுக்கு முன்னாடி மனசுல ஒரு சங்கல்பம் வச்சிருப்பார். வாசல்ல தாமரைப்பூ இருந்தா நிப்பேன், ரெண்டு தேங்காய் இருந்தா நிப்பேன், இப்படி. அது கண்ணுல பட்டாதான் நிப்பார். இல்லைன்னா அப்படியே கோயிலுக்குத் திரும்பிடுவார், அன்னைக்குப் பட்டினி. என்னன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டார். பழைய வினை உதிரணும்னா இப்படி உடம்பை உலுக்கணுமாம். எனக்கு முதல்ல கோபமாத்தான் வந்தது. பசிக்குதுன்னா ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஆனா பாருங்க, இன்னைக்கு நானும் அதைத்தான் பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். மேல்மருவத்தூர் தாண்டியாச்சா? இன்னும் வெயில் இருக்கு. இருக்குல்ல?

எங்க வீட்டு வாசல்ல மட்டும் அவர் நிக்கவே இல்லை. ஆடி முழுக்க நிக்கலை. எங்க சித்தி வீட்டு வாசல்லயும் நிக்கலை. ரெண்டும் ஒட்டின வீடு, நடுவுல ஒரு கிணறு, ரெண்டு வீட்டுக்கும் பொது. எங்கம்மாவும் சுகுணா சித்தியும் பேசி வருஷக்கணக்கா ஆச்சு. ஓரகத்திச் சண்டை. நகை, நிலம்னு நினைக்காதீங்க. பூச்சிச் சண்டை.

சொன்னா நம்ப மாட்டீங்க. நாங்க தண்ணியைத் துணி போட்டு வடிகட்டித்தான் எடுப்போம். துணியில தங்கற நுணுக்குப் பூச்சிகளை, தெரியுதோ இல்லையோ, அதே தண்ணியை ஊத்தி அலசி எந்தக் கிணத்துலேர்ந்து எடுத்தோமோ அங்கேயே திரும்ப விடணும். அதுங்க வீடு அது. ஒரு கோடையில கிணறு வத்தி, அம்மா தெருக்குழாய்த் தண்ணி பிடிச்சு வந்து வடிகட்டினாங்க. பழக்கத்துல அந்தத் துணியைக் கிணத்துலயே அலசி விட்டுட்டாங்க. குழாய்ப் பூச்சி கிணத்துக்கு வந்துடுச்சு. சித்தி பார்த்துட்டாங்க. பச்சைப்புள்ளைங்களை ஊர் விட்டு ஊர் தள்ளிட்டீங்களே, அந்த வினை யாரைச் சேரும்னு கேட்டாங்க. அம்மாவுக்கு வந்தது பாருங்க. நீ துணியை அலசறதே இல்லை, அப்படியே வெயில்ல காயப் போடறேன்னாங்க. ஒரு ஜைனப் பொம்பளையைப் பார்த்து அதைச் சொல்லக் கூடாதுக்கா. கொலைகாரின்னு சொன்ன மாதிரி.

அதோட சரி. அம்மா தண்ணி இறைக்கிற நேரம் சித்தி வர மாட்டாங்க, சித்தி இறைக்கிற நேரம் அம்மா வர மாட்டாங்க. வாளி வேற, கயிறு வேற. ஒரு பூச்சிக்கும் தீங்கு வரக் கூடாதுன்னு ரெண்டு மனுஷங்க இத்தனை வருஷம் முகம் பார்க்கலை. கிணத்துல இருக்கிற பூச்சியெல்லாம் அதுக்குள்ள சம்பந்தம் பண்ணிப் பேரன் பேத்தி எடுத்திருக்கும். இதை நான் அம்மாகிட்ட ஒரு தடவை சொல்லி, கரண்டி பறந்தது.

ஆவணியில மகராஜ் ஒரு நாள் தெரு பூரா நடந்துட்டு எங்கேயும் நிக்காம திரும்பிட்டார். சரி, நாளைக்கு நிப்பார்னோம். மறுநாளும் நிக்கலை. அதுக்கு மறுநாளும் இல்லை. தண்ணியும் அந்த ஒரு வேளைதான்க்கா, சாப்பிடும்போதுதான். அதுவும் இல்லை. நடை மட்டும் மாறவே இல்லை, அதே மெதுநடை, கீழே பார்த்துக்கிட்டே. ஆனா திரும்பிப் போறப்ப கோயில் படியில ஒரு கையை ஊணிக்கிட்டு ஏறினார். நான் பார்த்தேன். அன்னைக்கு எனக்கே சோறு இறங்கலை.

தெருவே ஆடிப் போச்சு. ஒரு முனிவர் நம்ம ஊர்ல பசியில விழுந்தார்னா அந்த வினை எத்தனை பிறவிக்கு? கோயில் பெரியதனம் தரணேந்திரன் மாமா எல்லாரையும் மண்டபத்துல கூட்டினார். ரிட்டயர்டு தாசில்தார், எதையும் உத்தரவாத்தான் பேசுவார். வீட்டுக்கு ஒரு பொருள்னு பங்கு பிரிச்சார். நீ கரும்பு, நீ தாமரை, நீ வாழைத்தார், நீங்க புதுசாக் கல்யாணம் ஆனவங்க, கைகோத்து நில்லுங்க. ஒரு வீட்டுக்குப் பசுவும் கன்னும் வந்தது. மறுநாள் தெருவைப் பார்க்கணும், பொங்கலும் கல்யாணமும் மாட்டுச்சந்தையும் ஒண்ணா வந்த மாதிரி. மகராஜ் வந்தார். கரும்பைத் தாண்டினார். தாமரையைத் தாண்டினார். கைகோத்த ஜோடியைத் தாண்டினார், அவங்க அதுக்குள்ள அங்கேயே ஒரு சண்டையை ஆரம்பிச்சிருந்தாங்க. பசு அவர் பீலியைக் கடிக்கப் பார்த்தது. அவர் பீலியை ஒரு பக்கமா ஒதுக்கிக்கிட்டுப் போயிட்டார்.

அப்பதான் யாரோ அந்தப் பழைய கதையை எடுத்துவிட்டாங்க. மகாவீரரே ஒரு தடவை இப்படித்தான் மாசக்கணக்கா யார் வீட்டுலயும் நிக்கலையாம். சந்தனைன்னு ஒரு ராஜகுமாரி, அடிமையா விலைபோய், கால்ல விலங்கோட, கண்ணுல தண்ணியோட, முறத்துல உளுந்தை வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாளாம். அவகிட்டதான் வாங்கிச் சாப்பிட்டாராம். தரணேந்திரன் மாமா தொடையைத் தட்டினார். கண்ணீர்தான், சந்தேகமே இல்லைன்னார். நாளைக்கு எல்லா வீட்டுலயும் முறத்துல உளுந்து, கண்ணுல தண்ணி. அதுவும் உத்தரவு.

கண்ணீருக்கு எங்கே போறது? நீங்கன்னா வெங்காயம் உரிப்பீங்க. எங்க வீடுகள்ல வெங்காயம் கிடையாது, மண்ணுக்குள்ள விளையறதை நாங்க சாப்பிடறதில்லை. தெரு பூரா அலசினாலும் ஒரு வெங்காயம் அகப்படாது. சோகமானதை நினைச்சுக்குங்கன்னார் மாமா. எங்கப்பா என் மார்க்கை நினைச்சுப் பார்த்தார், வரலையாம், கோபம்தான் வந்ததாம். கடைசியில தலைவலித் தைலம். கண்ணுக்குக் கீழே துளி தடவிக்கிட்டாப் போதும்னு யாரோ சொன்னாங்க. வந்தவாசியில இருந்த தைல டப்பியெல்லாம் அன்னைக்கு எங்க ஊருக்கு வந்துடுச்சுன்னு நினைக்கிறேன்.

நான் போட்டுக்கலைக்கா. அது ஏமாத்து வேலை, ஏமாத்தறதும் பிசுக்குத்தான்னு சொன்னேன். அம்மா, நீ வாயை மூடிக்கிட்டுக் கலசத்தைப் பிடி, அதுவே பெரிய புண்ணியம்னாங்க.

காலையில தெருவே அழுதுக்கிட்டு நின்னுது. ஆம்பளைங்க, பொம்பளைங்க, தரணேந்திரன் மாமா எல்லாரும். மூக்கை உறிஞ்சறாங்க, தும்மறாங்க, காத்துல அப்படி ஒரு நெடி. பக்கத்து ஊர்லேர்ந்து பால் ஊத்த வந்தவர் யாரோ பெரியவர் தவறிட்டார்னு நினைச்சு, கேனை இறக்கி வச்சுட்டுத் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டார். யார் வீட்டுலன்னு என்கிட்டதான் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தா சிரிப்பு. கடிச்சு அடக்கிக்கிட்டேன்.

அம்மா துளி போடற ஆளே இல்லை. உப்பும் அப்படித்தான் போடுவாங்க. விரல்ல வழிச்சு ரெண்டு கண்ணுக்கும் அப்பிட்டாங்க. மகராஜ் தெருக்கோடியில திரும்பறப்ப அம்மாவால கண்ணைத் திறக்கவே முடியலை. வராரா, வராராங்கறாங்க. முறத்தை இப்படிப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளாடறாங்க. வரார், பேசாம நில்லுங்கன்னேன். பீலி நெருங்கற சத்தம் மாதிரி ஏதோ கேட்டுச்சு போல, திடுதிப்புனு திரும்பி, கிணத்துப் பக்கமா ரெண்டடி வச்சு, முறத்தை நீட்டி, அழுதுக்கிட்டே பெருங்குரல்ல ஆரம்பிச்சாங்க. நமோஸ்து, நமோஸ்து, அத்ர அத்ர, திஷ்ட திஷ்ட. வணக்கம், வணக்கம், இங்கே நில்லுங்க, போயிடாதீங்க.

எதிர்ல நின்னது சித்தி.

சித்தியும் முறமும் உளுந்துமாத்தான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அவங்க கண்ணுலயும் தண்ணி. இத்தனை வருஷத்துல அம்மா அவங்களைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. போயிடாதீங்க, நில்லுங்கன்னு, அதுவும் கும்பிட்டுக்கிட்டு. சித்தி வாயைத் திறந்து மூடினாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க.

"நான் எங்கேக்கா போறேன்? இங்கதானே நிக்கிறேன்."

அவ்வளவுதான். எனக்கு உடைஞ்சுடுச்சு. அதுவரைக்கும் அடக்கி வச்சதெல்லாம் சேர்ந்து வந்தது. கலசத்தைக் கீழே வச்சுட்டு வாசப்படியிலயே உட்கார்ந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அம்மாவுக்குக் குரல் அடையாளம் தெரிஞ்சு, ஐயையோன்னு முறத்தைச் சாய்ச்சு, உளுந்து பூரா தெருவுல. அதைப் பார்த்து சித்திக்குச் சிரிப்பு பிடிச்சுக்கிச்சு. சித்தி சிரிக்கிற சத்தம் கேட்டு அம்மாவும் சிரிச்சாங்க, கண்ணு மூடினபடியே, அழுகையும் சிரிப்புமா. தரணேந்திரன் மாமா அந்தப் பக்கத்துலேர்ந்து, முனிவர் பசியோட வரார், உங்களுக்குப் புத்தி இருக்கான்னு சொல்ல வந்து, பாதியில தும்மிட்டார். நான் நிமிர்ந்து பார்க்கிறேன்.

மகராஜ் நின்னுட்டார்.

எங்க வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் நடுவுல, கிணத்துக்கு நேரா. தோள்லேர்ந்து கையை இறக்கிட்டார். இறக்கினா சாப்பிடறேன்னு அர்த்தம். அழுதவங்க எல்லாரும் மூக்கை உறிஞ்சறதை நிறுத்திட்டாங்க. பால்காரர் மட்டும் யாருங்க செத்ததுன்னு இன்னும் கேட்டுக்கிட்டு இருந்தார்.

நின்ன முனிவரை மூணு சுத்து சுத்தி வரணும். அம்மாவுக்குக் கண்ணு தெரியலை. சித்தி வந்து கையைப் பிடிச்சாங்க. அப்படியே கூட்டிக்கிட்டுச் சுத்தினாங்க. அப்புறம் சொல்லணும், மனசு சுத்தம், பேச்சு சுத்தம், உடம்பு சுத்தம், சாப்பாடு தண்ணி சுத்தம், உள்ளே வாங்கன்னு. அம்மா மனசு சுத்தம்னு சொன்னாங்க. பேச்சுன்னு வந்ததும் நின்னுட்டாங்க. சித்தியும் தரையைப் பார்க்கிறாங்க. எனக்கு உயிரே போச்சு, இங்க வந்து நிக்கிறீங்களே, சொல்லித் தொலைங்கன்னு மனசுக்குள்ள கத்தறேன். அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாங்க, பேச்சு சுத்தம்னு. ரொம்ப மெதுவா. எனக்கே சரியாக் காதுல விழலை.

சாப்பிடறப்ப இன்னும் ஒரு கண்டம் இருக்கு. கையில விழுந்த சோத்துல ஒரு முடி, ஒரு எறும்பு இருந்தாப் போதும், அப்படியே கையை விட்டுடுவார், அன்னைக்கு அவ்வளவுதான். அம்மா கண்ணைக் கழுவ சித்தி கிணத்துல தண்ணி இறைச்சாங்க, எங்க வாளியில. அதே கிணத்துத் தண்ணியை முன்னாடியே வடிகட்டிக் காய்ச்சி வச்சிருந்ததைத்தான் மகராஜ் கையில சித்தி ஊத்தினாங்க. அம்மா சாதம் வச்சாங்க. எனக்கு நெய் ஊத்தற வேலை. ஊத்தறேன், அம்மா மேலேர்ந்து தைல நெடி, மூக்கு நமநமங்குது. தும்மினா போச்சு. நான் பல்லைக் கடிச்சு, கால் விரலை மடக்கி, நெத்தியை நெரிச்சு நிக்கிறேன். மகராஜ் நிமிர்ந்து என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கொஞ்சம் வேகமாச் சாப்பிட்டார். சத்தியமா வேகமாச் சாப்பிட்டார். கடைசி வாய்த் தண்ணியைக் குடிச்சுட்டு அவர் கையைக் கழுவினதும் நான் தும்மினேன் பாருங்க, கிணத்துல இருந்த பூச்சியெல்லாம் எழுந்திருக்கும்.

என்ன சங்கல்பமா இருக்கும்னு அன்னைக்கு முழுக்க ஊர்ல பேச்சு. சிந்தின உளுந்துதான்னார் தரணேந்திரன் மாமா. கண்ணு தெரியாதவங்க கூப்பிடணும்னு நினைச்சிருப்பார்னாங்க இன்னொருத்தங்க. எனக்குத் தெரியும். சாயந்திரம் நானே கோயிலுக்குப் போய் நேராக் கேட்டேன். சுவாமி, தெரு பூரா அழுதுது, எங்க வாசல்லதான் சிரிச்சோம், முதல்ல சிரிச்சது நான், உங்க சங்கல்பம் சிரிப்புதானேன்னு. அவருக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும். பீலியை வாய்க்கு நேராப் பிடிச்சுக்கிட்டு, தெரிஞ்சு என்ன பண்ணப் போறேம்மான்னு கேட்டார். இல்லைன்னு சொல்லலையே? சொல்லலை. அப்ப அதுதான்.

தீபாவளி முடிஞ்சதும் பொன்னூர் மலைப்பக்கம் நடந்து போயிட்டார். ஒரு துணி மூட்டைகூடக் கிடையாது, எவ்வளவு சௌகரியம் பாருங்க. எனக்கு இந்தப் பை.

வினை எப்படி வேலை செய்யுதுன்னு கேளுங்க. இப்ப அம்மாவும் சித்தியும் ஓயாம பேசறாங்க. கிணத்தடியில பேச்சு, அடுப்படியில பேச்சு, நான் கஷ்டப்பட்டு ஒருத்தரைச் சாப்பிட வச்சா எனக்குக் கிடைச்சது இந்தத் தொல்லை. பேசிப் பேசி ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு என்ன தெரியுமா? மதியை, அதான் என்னை, மறுபடி படிக்க வைக்கணும்ங்கறது. சித்தியோட தம்பி தாம்பரத்துல இருக்கார், அவர் வீட்டுல இருந்து டுடோரியல் போகணுமாம். சண்டையில இருந்தவரைக்கும் என்னைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. என் சிரிப்பே எனக்கு வினையா வந்துடுச்சு. போறேன், போய்த்தான் பார்ப்போமே. கணக்கு வராதுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.

ஆனா ஒண்ணு சொல்லணும்க்கா. இவ்வளவு நடந்தும், ஊர் பூரா தவிச்சப்ப நான் ஒருத்தி முனிவரை நிறுத்தினப்பறமும், எனக்குக் கர்வம்னு ஒண்ணு வரவே இல்லை. வேற யாராவது இருந்தா தலைகால் புரியாம ஆடியிருப்பாங்க. கோபம் எனக்கு உண்டு, ஒத்துக்கறேன். ஆசை உண்டு. கர்வம் மட்டும் கிடையாது. அந்த ஒரு விஷயத்துல எங்க தெருவுல, தெரு என்ன, வந்தவாசி தாலுகாவுலயே என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது.

என்னக்கா?

எதுக்கு சிரிக்கிறீங்க? இப்ப நான் என்ன சொல்லிட்டேன்? உளுந்து கொட்டினப்ப சிரிக்கலை, பால்காரருக்குச் சிரிக்கலை, இதுக்குப் போய்ச் சிரிக்கிறீங்க. நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க, சிரிங்க. கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார், பார்த்துட்டுப் போகட்டும்.

இனிமே சொல்லலாம். வந்தவாசியில ஏறினப்ப இந்த ஒரு சீட்டுதான் காலி. நீங்க ஜன்னல் கம்பியில நெத்தியை வச்சுக்கிட்டு அழுதுட்டு இருந்தீங்க. தைலம் போடாத அழுகை. அந்த வித்தியாசம் எனக்கு நல்லாத் தெரியும். ஏன்னு கேக்கக் கூடாதுன்னு தோணுச்சு. இந்தக்கா சிரிச்சாத்தான் இன்னைக்குச் சாப்பாடுன்னு அப்பவே நினைச்சுக்கிட்டேன். உங்களைச் சிரிக்க வைக்கணும்னு நான் பேசலை, அப்படிப் பேசினா அது கள்ளாட்டம். எங்க தெருவுல நடந்ததைத்தானே சொன்னேன்.

சூரியன் எங்கே?

கொஞ்சம் குனியுங்க, அந்தப் பக்கம் பார்க்கிறேன். மதுராந்தகம் ஏரிக்கரைதானே அது? கரைக்குப் பின்னாடி போயிடுச்சு. சிவப்பு மட்டும்தான் இருக்கு. கார்த்திகை மாசப் பொழுதே இப்படித்தான், சொல்லாம கொள்ளாம இறங்கிடும். நீங்க ஒரு ரெண்டு ஊருக்கு முன்னாடி சிரிச்சிருக்கலாம்க்கா.

இல்லை, இல்லை, அழாதீங்க, விளையாட்டுக்குச் சொன்னேன். சங்கல்பம் நடந்துடுச்சுல்ல, அதுதான் கணக்கு. எனக்கு வர ஒரே கணக்கு. சாப்பாடு நாளைக்குக் காலையில சாப்பிட்டுக்கறேன். ஒரு ராத்திரிக்கு ஒண்ணும் ஆகாது, வயித்துக்குள்ள ஏதோ மிதக்கற மாதிரி நல்லாத்தான் இருக்கு.

ஆனா நீங்க ராத்திரியில சாப்பிடறவங்கதானே? மதியமும் சாப்பிட்ட முகமா இல்லை இது. தூக்கைத் திறக்கறேன். தட்டு இல்லை, ரெண்டு கையையும் சேர்த்து வைங்க. இப்படி, இடைவெளி இல்லாம. பஸ்சு ஆடுது, நான் பார்த்து வைக்கிறேன். எங்கம்மாவும் சித்தியும் ஒரே அடுப்புல சமைச்சது. சாப்பாடு சுத்தம், தண்ணி சுத்தம், உடம்பு காலையில குளிச்சதுதான், மனசுலயும் ஒண்ணும் இல்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. சாப்பிடுங்கக்கா.